ஆட்டின் காது

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம். கவலைப்பட ஒன்றுமில்லை.

உங்கள் நண்பர் மகன் யெர்சின், அல்மாட்டியில் மூன்றாவது ரொட்டிக் கடை திறந்ததற்கு விருந்து வைத்தான். நிறுவனத்தை வளர்க்க வழி சொல்ல வந்த ஆலோசகன், மாவு புளிக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்லியிருந்தான். தலைமை ரொட்டிக்காரனான நான் முடியாது என்றிருந்தேன். பெரியவர்களுக்கு வைக்கும் ஆட்டுத்தலை அந்த ஆலோசகனுக்குப் போனது. சொல்பேச்சுக் கேட்கக் குழந்தைகளுக்குத் தரும் காதை அறுத்து, நாற்பது வயதான என் தட்டில் வைத்தான் யெர்சின்.

"இனிமேலாவது சொன்னதைக் கேளுங்கண்ணே."

"கேக்காதவன் நீதான். நீயே தின்னு" என்று அதை அவன் தட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேறு வேலை தேடுகிறேன். அறை குளிர்கிறது, உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். எனக்காக அவன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனீர்களென்றால், நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்.

பெக்போலத்