நான் ஏறினால் விட்டுப்போகும் குரூஸ் கண்ட்ரோல்

சிடூனா,
ஞாயிறு காலை

அன்பு மகள் கெரினுக்கு அம்மா எழுதுவது. நானும் நாயும் சுகம், உன் அப்பா சுகமா என்று அவருடைய பைக்கைத்தான் கேட்க வேண்டும். கல்யாண அலைச்சலில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

உன் கல்யாணத்துக்குப் பெர்த் வரை பைக்கில்தான் வருவேன், அதுவும் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்க அவர் மணிக்கட்டில் தெம்பு ஏது, முறுக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும் அந்தக் குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்தால்தான் உண்டு. அதுவோ நான் ஏறி உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப்போகிறது. இவர் பொத்தானை அழுத்துவார், பிடிக்கும், மறுபடி விட்டுவிடும், உடனே வசவு, கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மெக்கானிக் ரஸ் பிரேக் சுவிட்சை மாற்றினான், கிளட்ச் ஒயரை மாற்றினான், ஃபியூஸையும் பார்த்தான். இவர் தனியாக ஓட்டினால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது. “வண்டி சுத்தத் தங்கம் தலைவரே, ஒருவேளை வீட்டம்மா வெயிட்டோ என்னவோ” என்று சொல்லிவிட்டான். உன் அப்பாவும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்! இனி என் கிறிஸ்துமஸ் கேக்கை அந்த ரஸ் கனவில்தான் பார்க்க வேண்டும்.

நேற்று நெடுஞ்சாலையில் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வலது கையின் இரண்டு விரல் பிரேக் லீவர் மேலேயே இருக்கிறது. ஓரத்துப் புதர் கொஞ்சம் அசைந்தால் போதும், விரல் இறுகுகிறது, பிரேக்கைத் தொட்டால் குரூஸ் விடத்தானே செய்யும்? இதற்கா மூன்று மாதம் வண்டியைப் பிரித்துப் போட்டார்கள்! நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். “தனியாப் போறப்ப விரலை எடுக்கத் தெரியுதுல்ல, நான் ஏறினா மட்டும் என்ன கேடு?” என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொன்னார், “அன்னிக்குக் கங்காரு குறுக்க பாஞ்சப்ப விரல் அதுல இல்ல மெரில். அதான் உன் கால் ஒடிஞ்சுது” என்று. என் காலில் கம்பி வைத்து ஆறு வருஷம் ஆகிறது, அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசாத மனுஷன். எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

நான் காரில் வருகிறேன் என்றால் கேட்கவில்லை, விரலையும் எடுக்க மாட்டாராம். அதனால் குரூஸை அணைத்துவிட்டு, மணிக்கு ஒருமுறை நிறுத்தி, மூன்று நாள் பயணத்தை ஆறு நாளில் வருகிறோம். வியாழன் கிளம்புகிறோம்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள். விரல் விஷயம் உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவர் மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காமல் ஃபிரிட்ஜில் ஐஸ் நிறைய வை. கல்யாணத்தன்று உன்னைப் பிடித்து அழைத்து வர வேண்டிய கை அது.

உன் அம்மா
மெரில்