தையல் இல்லாத பனியன்

மஸ்கட் மாநகரத்து ஆஸ்பத்திரியை ஒற்றைக் கையால் தாங்கி நிற்கும் நர்ஸ் அம்மிணி ஜெயசுதாவுக்கு, ராயபுரத்திலிருந்து தாய்மாமன் குமாரசாமி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். நடுக்க வியாதியின் உபயம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே அடுத்த வீட்டில் இருக்கும் உங்கம்மாவின் காது முறம் போல விரிகிறது.

எட்டு வருஷ மாத்திரையில் இப்போது என் தலை தானாக ஆடுகிறது. நான் சரி என்கிறேன் என்று நினைத்துக் கீரைக்காரி போன வாரம் ஒரு லாரிக் கீரையை இறக்கிவிட்டாள். அது போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சில மாதமாகச் சாயங்காலமானால் நம் வீட்டு சோபாவில் ஒருத்தன் வந்து உட்காருகிறான். முறுக்கு மீசை, வெள்ளைப் பனியன், பேச்சே கிடையாது. யாரென்று கேட்டால் உன் அத்தை சாரதாமணி, "ஏனுங்க, அங்க ஆருமே இல்லீங்க. துண்டுதானுங்க கெடக்குது" என்றாள். பல்லடம் பஸ்ஸில் ஏற்றினால் மூன்று டிக்கெட் எடுக்கவேண்டிய ஆளைத் துண்டு என்றால் சந்தேகம் வருமா, வராதா?

துப்புத் துலக்கினேன். அவள் தலையில் பூ வைத்தால் அது அவனுக்காக. வைக்காவிட்டால் எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. கடைசியில் ஒருநாள், "உன்ர ஆளுக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்று கேட்டே விட்டேன். "இந்த வயசுல எனக்கு ஆளுங்களா?" என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகும் அவன் வந்தான்! காதலி ஊரில் இல்லாதது தெரியாத காதலன் உண்டா? அன்றைக்குத்தான் அவன் பனியனை உற்றுப் பார்த்தேன். நாற்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கண் இது. கழுத்தைச் சுற்றிப் பைப்பிங் பட்டி இல்லை. தோளில் ஜாயின்ட் இல்லை. கீழே மடித்துத் தைக்கவும் இல்லை. தேவலோகத்திலும் அப்படிப் பனியன் செய்ய முடியாது கண்ணு. துணியைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். கையில் வந்தது துண்டு.

அதோடு என் சந்தேகத்தை அத்தையிடமிருந்து மாத்திரைக்கு மாற்றிவிட்டேன். தீபாவளிக்கு டாக்டர் டோஸை ஏற்றினார். ஆசாமி வந்தது அதற்கப்புறம்தான். நடுவில் ஒருமுறை டாக்டர், "கண்ணுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று கேட்டார். பார்வையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஊசிக் காதே தெரியுதுங்க" என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன், பயப்படாதே. நிறுத்தினால் அவன் போவானோ என்னவோ, நான் கைகால் மடங்காமல் கட்டையாகிவிடுவேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். என் வாயை நம்பாதே. நடந்ததை நடந்தபடி சொல்ல ஓர் ஆள் கூட வரவேண்டும்.

நீயும் அத்தையும் தினமும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்க நாக்கு அரிக்கிறது, அது வேறு. காலையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பொழுது சாய்ந்தால், தையல் இல்லாமலே பனியன் பின்ன எவனாவது புது மெஷின் இறக்கிவிட்டானோ என்று மனசு மறுபடி கிளம்புகிறது. அந்த நேரத்தில், "அங்கே இருக்கிறானா, இல்லையா?" என்று கேட்க எனக்கு வீட்டில் ஆளில்லை.

நான் எழுதியதாக அத்தையிடம் சொல்லாதே. கீரை அழுகுகிறது, வந்து என்னவென்று பார்க்கச் சொல். நம்ப மாட்டாள். இருந்தாலும் சொல்.

நீ மகராசியாக இரு, சாமி. உன் வீட்டுக்காரருக்கு நூறு வயது வரட்டும். அந்த நூறிலும் தன் கண்ணை நம்பி உன்னை நம்பாமல் போகும் நாள் ஒன்றுகூட வராமல் சென்னிமலையான் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
ராயபுரம் சந்தேகச் சக்கரவர்த்தி
குமாரசாமி