ஆளை மறந்த கம்ப்யூட்டர்கள்

மஸ்கட்,
மார்ச் 1988

அன்புள்ள பங்கஜவல்லிக்கு,

இங்கே நான் சௌக்கியம். விழிதியூரில் நீயும் தேன்மொழியும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

நேற்று பள்ளிக்கூடத்தில் ஒரே கூத்து. இங்கிருப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். பிள்ளைகளின் பாடம் முழுவதும் பக்கத்து அறையில் உள்ள ஒரே டிஸ்கில்தான் இருக்கும். பெருக்க வந்த நாகூர் காதர் பாய் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். தொடர்பு அறுந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் நீ யார் என்று கேட்டு நின்றுவிட்டன. "செத்த நேரம்தானே புடுங்குனேன் தம்பி, அதுக்குள்ள ஆளையே மறந்துடுச்சா?" என்று பாய் பதறிப்போனார். எதுவும் அழியவில்லை. ஒவ்வொன்றிலும் என் பெயரை அடித்ததும் மறுபடி சேர்ந்துகொண்டன. அப்புறம் இருவரும் சிரித்தோம்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் பூமிநாதன் அண்ணன் இங்கே திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தேன்மொழி போட்டோவும் வேண்டும். நான் புறப்படும்போது தவழ்ந்தவள், இப்போது நடப்பாளே. சுவரில் இருக்கும் என் போட்டோவை அவள் கைக்கு எட்டும்படி இறக்கி மாட்டு. தினமும் அதைக் காட்டி அப்பா என்று சொல்லிக்கொடு. நான் வாசலில் வந்து நிற்கும்போது அவள் என்னை யார் என்று கேட்டுவிடக் கூடாது.

தபாலாபீசுக்குப் போகிறவர் கிளம்பிவிட்டார், ஒட்டிக் கொடுக்கிறேன்.

உன்
திருஞானசம்பந்தம்