ஏழாம் நம்பர் மெத்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், லாட்ஜும் நடக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. அங்கே குளிர் இறங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தினமும்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய். நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்பா போன பிறகுதான் தொழில் கற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் இதே கட்டடத்தில் துணி மடித்தவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. கவுன்டரில் உட்கார்ந்தால் சிரிக்க வேண்டும், ரொம்பவும் சிரிக்கக் கூடாது. சாவி கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், திரும்ப வாங்கும்போது பையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு போய்விடும். ரூம் சுத்தம் செய்கிற அக்கா, அதுதான் அப்பா மேஸ்திரி என்று பேர் வைத்தாரே, அவள் என்னைப் போட்டு வாட்டுகிறாள். நான் விரிப்பைச் செருகியதைப் பார்த்துவிட்டு, 'முதலாளியம்மா, மெத்தைக்கு விரிப்பு போடச் சொன்னா புடவை கட்டி விட்டிருக்கீங்க, கொசுவம் வேற' என்றாள். வாயைக் குறைத்தால் வேலை நடக்கும் என்றேன். 'வாய் ஓடுறதாலதான் கை ஓடுது' என்றாள். அப்பாவின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ரூம் காலியாகி, கூட்டித் துடைத்து, அடுத்த ஆளுக்குச் சாவி கொடுக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுப்பார். வருகிறவன் எதைப் பார்க்கப் போகிறானோ அதை முதலில் நாம் பார்க்கணும் என்பார். ஒட்டடை, கறகறக்கும் மின்விசிறி, கண்ணில் குத்தும் பல்பு, எதுவும் நின்றால் தெரியாது. எங்கப்பாவுக்குத் தூங்குறதுதான் வேலை என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாய். இப்போது அந்த வேலை என்னுடையது. எல்லா அறையிலும் படுத்துப் பார்த்துவிட்டேன். ஏழாம் நம்பரைத் தவிர.

மதியத்தில் அவர் கண்ணயர்கிற அறை அது. காரியத்துக்கு உன்னால் வந்து சேர முடியவில்லை. நான் வர்ற வரைக்கும் அப்பா ரூமைத் தொடாதீங்கம்மா என்று அன்றைக்குப் போனில் அழுதாய். இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பூட்டிவிட்டேன். யாராவது கேட்டால் ஏழில் ஆள் இருக்கிறார் என்பேன். சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. பிறகு கையும் பழகிவிட்டது. காலையில் மேஸ்திரிக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கும்போது ஏழுக்கும் ஒன்று சேர்த்துக் கொடுத்துவிடுவேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அந்த வாய்க்காரி ஒரு வார்த்தை பேசமாட்டாள், கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் எடுத்து வருவேன். ஒரு நாள் ஈரமாக இருந்தது. சாரல் அடித்திருக்கும்.

எட்டாம் நம்பரில் மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். ஊருக்குப் புதிது, அப்பாவைப் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் கவுன்டரில் சிரப் பாட்டில் ஒன்றை வைத்து, 'பக்கத்து ரூம்காரர் பாவம்மா, விடாம இருமுறார். சாம்பிள்தான், குடுங்க' என்றார். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். தண்ணீர்க் குழாய் அப்படித்தான் சத்தம் போடும் என்று மேஸ்திரி அடித்துச் சொன்னாள். சொன்னவள் மறுநாளிலிருந்து அந்த வராந்தாவை வெயில் ஏறிய பிறகுதான் கூட்டுகிறாள்.

போன வாரம் பஸ் ஒன்று பழுதாகி நம் வாசலுக்கு எதிரே நின்றுவிட்டது. இருட்டுவதற்குள் எல்லா அறையும் நிறைந்தது. கடைசியாக ஒரு புருஷன் பெண்டாட்டி. அவளுக்கு நிறைமாசம், இடுப்பில் கை ஊன்றி நிற்கிறாள். இடமில்லை என்றேன். அவன் என் பின்னால் இருந்த சாவிப் பலகையைக் காட்டி, 'ஏழாம் நம்பர் சாவி தொங்குதே' என்றான். ஆள் இருக்கிறார் என்றேன். 'ஆள் உள்ள இருந்தா சாவி எப்படிங்க வெளிய இருக்கும்?' என்றான். இத்தனை நாளில் எனக்குத் தோன்றவில்லை பார். அந்தப் பெண், 'விடுங்க, அவங்க குடுக்கமாட்டாங்க' என்று திரும்பி நடந்தாள். நில்லும்மா, ரூமைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டேன். மேஸ்திரி விரிப்பை மாற்றினாள். நான் செருப்பைக் கழற்றினேன். நடுவில்தான் படுத்தேன். உடம்பு தானாகச் சரிந்து சுவர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே பள்ளம். அவர் தோள், அவர் இடுப்பு. மற்ற பாதி புதுசுபோல விறைப்பாக இருக்கிறது. ஒற்றை ஆள், இத்தனை வருஷமும் சுவரோடு ஒட்டி, எனக்கு இடம் விட்டுப் படுத்திருக்கிறார். நான் ஒரு மதியம்கூட அங்கே படுத்ததில்லை. கூரையைப் பார்த்தேன். ஒட்டடை இல்லை. ஒன்றுமே இல்லை. மெத்தையைத் திருப்பிப் போட்டுடலாமா, பள்ளம் விழுந்திருக்கு என்று மேஸ்திரி கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுந்துபோய்ச் சாவியைக் கொடுத்தேன்.

காலையில் அந்தப் பெண் போகும்போது, 'ரொம்ப நாள் கழிச்சு இடுப்பு வலிக்காமத் தூங்கினேன்' என்றாள். பின்னாலேயே மருந்து கம்பெனிக்காரர் வந்தார். 'மருந்து குடுத்தீங்களா? நேத்து ஒரு இருமல்கூடக் கேக்கலையே' என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கொடுத்தேன் என்றேன். பாட்டில் மூடி திறக்காமல் இழுப்பறையில் இருக்கிறது. அவர் போன பிறகு ஏழில் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அன்றும், அதற்கடுத்த நாளும். குழாய்கூடச் சத்தம் போடவில்லை. முன்னால் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது இருப்பது பயம் இல்லை, அதைவிட மோசம்.

நீ தொடாதே என்றாய், தொட்டுவிட்டேன். கோபம் வந்தால் போனில் திட்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே. அந்த அறையை இனிப் பூட்டப்போவதில்லை. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காதே, ஏழு காலியாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முன்னாலேயே சொல், உனக்கு எடுத்து வைக்கிறேன். மெத்தையை மட்டும் இன்னும் திருப்பவில்லை. மேஸ்திரி தினமும் கேட்கிறாள், வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்கிறாள். அவளிடம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ வந்து ஒரு மதியம் அதில் படு. சுவர்ப் பக்கமாகப் படு. எழுந்த பிறகு நீ ஒரு முனை, நான் ஒரு முனை.

நோய் நொடி இல்லாமல் இருவரும் நிறைவாக இருக்க வேண்டும். காதை மூடிக்கொள்ள மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா