மூன்று வோல்ட் பெட்டி

6 பிப்ரவரி 2006, திங்கள்

நல்ல பனி. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி ஈரம். இவரும் கபாலியும் (இவருடைய தோஸ்து, படகில் பாதிப் பங்கு) கரைக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. நடுக்கடலில் வழி காட்டும் ஜி.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி செல் தீர்ந்துபோச்சாம். முகத்துவாரம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பனிக்குள்ளேயே சுற்றியிருக்கிறார்கள்.

"கப்பல் ஒண்ணு பக்கத்துலயே ஊதிகினு போச்சுமே. எந்தாண்டன்னே தெர்ல," என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. 

படகில்தான் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கிறதே! ஜி.பி.எஸ்.ஸுக்கு வேண்டியது ரெண்டு சின்ன செல், அதாவது மூணு வோல்ட். பன்னிரண்டை மூன்றாக இறக்கினால் முடிந்தது. போன வாரம்தான் ரேடியோ ரிப்பேர் வகுப்பில் (திருவொற்றியூர், பெண்களுக்கு மட்டும்) அந்த சர்க்யூட்டை போர்டில் வரைந்தார்கள். 317 என்று மூணு கால் வைத்த ஒரு குட்டி ஐ.சி. அதோடு மாட்டிய ஒரு திருகைத் திருப்பினால் வோல்டேஜ் ஏறும், இறங்கும். நானே செய்யப்போகிறேன். சோறு குழைந்துவிட்டது. போகட்டும்.

8, புதன்

காத்திவாக்கத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன், அங்கிருந்து ரிச்சி தெரு. 317, 240 ஓம் ரெசிஸ்டர், திருகு வைத்த 1 கே ப்ரீசெட், கண்டென்சர், ஓட்டை போட்ட போர்டு. எல்லாம் ரெண்டு ரெண்டு, கெடுத்துவிடுவேன் என்ற பயம்.

கடைக்காரர்: "தம்பிக்காம்மா?"

"எனக்குத்தான்." நிமிர்ந்து பார்த்தார்.

சார்ஜ் போட வந்த படகு பேட்டரி வீட்டிலேயே இருந்தது. சால்டர் வைத்து மாட்டினேன். மீட்டர் என்னவோ உளறியது. ஐ.சி.யைப் பின்பக்கமாக வைத்துக் காலை எண்ணியிருக்கிறேன், மக்கு. திருப்பி வைத்தேன். டார்ச் பல்ப் மாட்டி மெதுவாகத் திருகினேன். முதலில் சிவப்பாக, அப்புறம் மஞ்சளாக, அப்புறம் பளிச்! மீட்டரில் சரியாக மூணு. யாருமில்லாத வீட்டில் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பாம்பா என்று ஓடிவந்தார்.

9, வியாழன்

கபாலி வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணி, கரண்டு ஆபீஸ் வெச்சிகீறியா?" அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "அந்த ஜி.பி.எஸ். பொட்டிக்குள்ளதான் நம்ம மீன் எடம் மொத்தமும் கீது. கருகிச்சின்னா கண்ணக் கட்டி கடல்ல வுட்ட மாரிதான்."

அதுதான் என் பயமும். திருகு கொஞ்சம் நகர்ந்தாலும் வோல்டேஜ் ஏறி ஜி.பி.எஸ். போய்விடும். மூணில் நிறுத்தி, திருகின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. இனி அசையாது.

ஜி.பி.எஸ்.ஸில் செல் போடும் இடத்துக்கு, செல் அளவுக்கே மரத்தில் ரெண்டு உருளை, முனையில் ஆணி, ஆணியில் ஒயர். இது என் சொந்த மூளை!

மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்ச். திரை வந்தது. இடங்கள் எல்லாம் பத்திரம். 

11, சனி

ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் இவர் என் சர்க்யூட் வைத்த பெட்டிக்குள் ரெசின் பசையை ஊற்றி மூடிவைத்திருக்கிறார். படகு ஓட்டை அடைத்தது போக மீந்ததாம்.

"படகு மாரியே ஒட்டிட்டேன். சொட்டுத் தண்ணி பூராது," என்று அப்படி ஒரு பெருமை. எனக்குக் கோபம், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? உப்புத் தண்ணீர் போகாதது நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

12, ஞாயிறு

தோல்வி. வெயில் ஏறியதும் ஜி.பி.எஸ். அணைந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் வருகிறது, மறுபடி அணைகிறது.

"தூங்கித் தூங்கி முழிச்சிகினு கீது உன் பொட்டி," என்றான் கபாலி. பேஜாரு, வேணாம் அண்ணி என்று சொல்லிவிட்டான். அழுகை வந்தது. ஆனால் கருகவில்லையே! கருகியிருந்தால் திரும்ப வராதே!

பல்ப் மாட்டிப் பார்த்தேன். எரிந்து எரிந்து அணைந்தது. பெட்டி கொதித்தது. ஒயரை மட்டும் வெளியே விட்டு, பெட்டியை வாளித் தண்ணீரில் இறக்கினேன். காத்திருந்தேன். பல்ப் அணையாமல் எரிந்தது!

இவர் வந்து நின்றார். "இன்னாமே, அத்த குளிப்பாட்டினு கீறே?"

சூடுதான் மாமா! மிச்ச ஒன்பது வோல்ட்டை அந்தக் குட்டி ஐ.சி.தான் சூடாக்கித் தள்ளுகிறது. ரெசினுக்குள் மூச்சுவிட வழியில்லை. கருகாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

14, செவ்வாய்

ரெண்டாவது பெட்டி. ஐ.சி.யின் முதுகை ஒரு அலுமினியத் தகட்டோடு சேர்த்து முடுக்கி, தகட்டை வெளியே காற்றுப்படும்படி விட்டேன். நடுவில் மைக்கா, திருகாணிக்குப் பிளாஸ்டிக் வாஷர், தகட்டில் கரண்ட் வரக்கூடாது. மீதி முழுக்க ரெசின். ஊற்றியது இவர்தான். நான் பக்கத்தில் நின்று, இங்கே ஊற்று, அங்கே ஊற்றாதே என்று விரட்டினேன். சொன்னபடியே ஊற்றினார்! பல்ப் மாட்டி வெயிலில் வைத்தேன். சாயங்காலம்வரை அணையவில்லை.

16, வியாழன்

கபாலி சம்மதித்தான், ஆனால் கையோடு புதுச் செல் ஒரு பாக்கெட். "உன்ன நம்பாமே இல்ல அண்ணி. கடல நம்பாமே." நியாயம்தான்.

கரையில் நின்றேன். பனிக்குள்ளிருந்து படகு நேராக முகத்துவாரத்துக்கே வந்தது. போனதிலிருந்து திரை அணையவே இல்லையாம். "தகடு டீ கிளாஸ் மாரி சூடு. அவ்ளோதான். ஷோக்கா கீது," என்றான் கபாலி. பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. வஞ்சிரம் ஒன்று வீட்டுக்கு. குழம்பு எனக்கே பிடித்தது.

17, வெள்ளி

இன்றுதான் இந்த வருஷத்திலேயே மோசமான பனி. எழுந்தபோது இவர் கிளம்பியாகிவிட்டது. டிவி மேல் அந்தச் செல் பாக்கெட். மறந்துவிட்டாரே என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். படகைத் தள்ளிவிட்டார்கள். "மாமா, செல்லு! செல்லு!"

"கபாலிதான் வெச்சிட்டு வரச் சொன்னான். ஊட்டுக்குப் போமே!"

என்ஜின் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. பனி மட்டும்.

பாக்கெட் மடியில். ஒரே சந்தோஷம். செல் இல்லாமல், என் பெட்டியை மட்டும் நம்பிப் போயிருக்கிறார்கள். வைத்த சால்டர் ஒவ்வொன்றையும் மனதுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.