மைனிக்கு ஒரு கூட்டாஞ்சோறு

ஜூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. லேப் கோட்டைப் பாதி ஈரத்தோடு மாட்டிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினேன்.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்களில் கல்யாணத் தரகர் சண்முகம் அண்ணாச்சியும். என் தங்கை கோமதிக்குப் பாளையங்கோட்டைச் சம்பந்தம் கொண்டுவந்தவர். சித்திரையில் எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், காரணம் சொல்லாமல் நின்றுபோன சம்பந்தம். அவர் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"எங்க கோமதிய ஏன் வேண்டாம்னாங்க அண்ணாச்சி? இப்பவாவது சொல்லுங்க."

ஊசியைப் பார்த்த பயமோ என்னவோ, சொல்லிவிட்டார்.

"பொண்ண ஒரு கொறையும் சொல்லலம்மா. ஒங்க வீட்டுக்காரரோட அக்கா இருக்காங்கல்லா, அவங்க பக்கத்து வீடுதான மாப்பிள்ளை வீடு, அவங்கதான் சொல்லிட்டாங்க. அக்கா தங்கச்சி ரெண்டும் வேலைக்குப் போறதுக, அந்த வீட்டுல ராத்திரி அடுப்பே எரியாது, பாக்கெட் மாவும் புரோட்டாவும்தான்னு. மாப்பிள்ளையோட அம்மா யோசிச்சிட்டாங்க."

செண்பகம் மைனி. போன சீசனுக்கு வந்து தங்கி, தினமும் அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்து, நான் வேலை முடிந்து வந்து வடித்ததை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மைனி.

அண்ணாச்சிக்கு ஊசி குத்திய இடம் வீங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

ராத்திரி: தக்காளி ரசம், தேங்காய்த் துவையல், அப்பளம். அடுப்பு எரிந்தது என்று எழுதி வைக்கிறேன்.

இவரிடம் கேட்டேன். "அக்கா ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பா" என்றார். அப்படியானால் முன்பே தெரிந்திருக்கிறது. இவருக்கு அப்பளம் இல்லை.

ஜூலை 2, புதன்

சாரல் நிற்கவில்லை. ஆட்டோவில் கூட ஈர வாடை.

மதியம் மைனி போன். தானாக வந்து மாட்டுகிறாள்.

"ஏட்டி வசந்தா, அங்கன சாரல் நல்லா இருக்காம்லா. நாளைக்கு நானும் ஒங்க அண்ணனும் வாரோம். சனிக்கிழமை போயிருவோம்."

"வாங்க மைனி. பக்கத்து வீட்டு ராஜம்மா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அவங்க எதுக்குட்டி?"

"ஒரு பேச்சு நின்னுபோச்சுன்னு மனுசங்கள விட முடியுமா?"

மைனி அடுத்த சாக்கு யோசிப்பதற்குள் ராஜம்மாளுக்கே போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா. பாவம், சந்தோஷப்பட்டாள். குற்றாலத்தில் குளித்து வருஷக்கணக்கில் ஆகிறதாம்.

வாங்கியது: கத்தரி, வாழைக்காய், சீனியவரை, கேரட், ஒரு மாங்காய், சின்ன வெங்காயம் (நிறைய). முருங்கைக்கீரை பின்வீட்டில்.

காலையிலேயே முடிக்க: காய் நறுக்கி டப்பாவில். தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல் அரைத்து ஃபிரிட்ஜில். கீரை உருவி ஈரத்துணியில். புளி ஊற வைக்க. அரிசியும் பருப்பும் அளந்து குக்கர் பக்கத்தில். வேலை விட்டு வந்ததும் அடுப்பில் ஏற்றினால் போதும். எங்கள் பிழைப்பே இப்படித்தான் ஓடுகிறது. இதைத்தான் அடுப்பு எரியாத வீடு என்கிறாள்.

திட்டம்: சமைப்பது கோ. (கோமதி). நான் தொடக் கூடாது. ராஜம்மாளுக்கு அடுப்படிக்குள் நாற்காலி. மைனி வெங்காயம் உரிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ராஜம்மாள் மறுபடி பெண் கேட்க வேண்டும். கேட்டதும் நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டும், மைனி முகத்தைப் பார்த்துக்கொண்டே.

கோ. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு துணி மடிக்கப் போனபோது பார்த்தேன். அந்தப் பையன் போட்டோ அவள் போனில் இன்னும் இருக்கிறது. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஒருவேளை அவளுக்கு வேண்டுமோ. என் ஆத்திரத்துக்கு அவள் வாழ்க்கையை இழுத்து விடுகிறேனோ. கேட்கத் தைரியம் வரவில்லை.

ராத்திரி: இடியாப்பம், தேங்காய்ப்பால்.

ஜூலை 3, வியாழன்

மலையில் பெருமழை. மெயின் அருவியில் தண்ணீர் வரத்து கூடி, குளிக்க விடவில்லை. ஐந்தருவியிலும் கயிறு கட்டிவிட்டார்களாம். அதனால் வந்தவர்கள் நேராக இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் அப்போது லேபில்.

இவர் போன். "எல்லாரும் வாசல்ல நிக்காங்க. பசிக்குங்காங்க. நாலு புரோட்டா வாங்கிரட்டா?"

"ஒரு புரோட்டா உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்."

ரிசப்ஷன் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

கோ.வும் நானும் ஒரே பஸ்ஸில் இறங்கினோம். நனைந்த குடை, நனைந்த செருப்பு. மைனி கட்டிலில் சாய்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் இப்பதான் வாரீங்களா" என்றாள், ராஜம்மாள் காதில் விழும்படி.

கோ. முகம் கழுவிவிட்டு நேராக அடுப்படி. நாற்காலியை நான் இழுத்துப் போட்டேன். "ஹால்ல ஒழுகுது அம்மா, இங்கன உக்காருங்க." ஒழுகவில்லை. வெங்காயத் தட்டை மைனி மடியில் வைத்தேன்.

"நீங்க உரிச்சாத்தான் மைனி சுத்தமா இருக்கும்."

மறுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து உரித்தாள். நன்றாக இருந்தது எனக்கு. ரொம்ப நன்றாக இருந்தது.

கோ. அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பு பாதி வெந்ததும் அரிசி, காய். புளித்தண்ணீர். அரைத்த தேங்காய். கடைசியில் கீரை, மாங்காய். வடகம் தாளித்துக் கொட்டியதும் வீடெல்லாம் மணம். ராஜம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சீக்கிரமா?"

"காலையிலேயே எல்லாம் எடுத்து வச்சிருவோம்மா. தினமும் இப்படித்தான்" என்றேன். 'தினமும்' என்பதை அழுத்தி.

எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். கூட்டாஞ்சோறு, மேலே நல்லெண்ணெய், அப்பளம், மோர் மிளகாய். மைனியின் வீட்டுக்காரர், அந்த நல்ல மனிதர், மூன்றாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"இதெல்லாம் சாப்பிட்டு எத்தன நாளாச்சும்மா. அங்கன நமக்கு ராத்திரியானா முக்குக்கடை மெஸ் இட்லிதான. இவளுக்கு சீரியல் பாக்கணும்."

அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ராஜம்மாள் கை சோற்றில் அப்படியே நின்றது. மைனியைத் திரும்பிப் பார்த்தாள். மைனி தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். செம்பு அவள் முன்னாலேயே இருந்தது.

இதை நான் திட்டத்தில் எழுதவில்லை. கடவுள் போட்டது.

ஜூலை 4, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. அருவியில் குளிக்க விட்டுவிட்டார்கள். அவர்கள் பழைய குற்றாலம் போய்விட்டு வந்தார்கள். மைனி குளிக்கவில்லையாம், தலைவலி.

ராத்திரி: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். உளுந்தை வறுத்து, அரிசி, பூண்டு, தேங்காய்த் துருவலோடு ஒரே குக்கர். சனிக்கிழமை கோ.வுக்கும் பள்ளிக்கூடம், பரீட்சைத் தாள் வேறு திருத்த வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் ராஜம்மாள் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வசந்தா, நான் கேட்டது தப்பாப் போச்சு. ஆரோ சொன்னத நம்பிட்டேன். ஆடி பொறக்கதுக்கு முன்ன தட்டு மாத்திருவோமா?"

'ஆரோ' என்றபோது மைனி சுவரைப் பார்த்தாள்.

இதற்காகத்தானே எல்லாம். மாட்டேன் என்கிற வார்த்தை நாக்கு நுனியில். ஆனால் கோ. முகத்தைப் பார்த்தேன், அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. வாய் வரவில்லை.

அவளே பேசினாள். தாளைத் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடிவிட்டு.

"எனக்கு உங்க மகனப் பிடிச்சிருந்தது அம்மா. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல சமைக்கவே மாட்டோம்னு ஒருத்தங்க சொன்னாங்க, சரி. அவரு எனக்கு ஒரு போன் போட்டு, அப்படியான்னு கேட்டிருக்கலாம். என் நம்பர் அவருட்ட இருந்துச்சு. கேக்கல. நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவாங்க. அப்பவும் கேக்க மாட்டாரு. எனக்கு வேண்டாம்."

"அவன் சின்னப் பையன்மா, நான் சொன்னதக் கேட்டுக்கிட்டான்."

"அதுக்குத்தான் வேண்டாம்ங்கேன்."

ராஜம்மாள் கோ.வின் கையைத் தொட்டுவிட்டு எழுந்துபோனாள். எனக்கு அந்த அம்மாள் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது. மிச்சமெல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது.

மைனி அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தாள். "என்னைய இப்படி நிறுத்திட்டியேட்டி. நான் என்னத்த பெருசா சொல்லிட்டேன்?"

"நான் சோறுதான் போட்டேன் மைனி."

பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 5, சனி

மறுபடி சாரல். காலை வண்டிக்கே கிளம்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டு கை காட்டினார். ராஜம்மாள் கோ.வுக்கு மல்லிகைப்பூ வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கோ. வைத்துக்கொள்ளவில்லை, தூரவும் போடவில்லை. சாமி படத்துக்குப் போட்டாள்.

லேபில் கூட்டம். வந்து பார்த்தால் வீடு இருட்டு. குளியலறையில் குழாய் திறந்து கிடக்கிற சத்தம். வாளி எப்போதோ நிறைந்திருக்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை.

கோ. வெளியே வந்தாள். கண் சிவப்பு. "சோப்பு பட்டுட்டுக்கா."

ராத்திரி: தயிர்சாதம். இவர்தான் பிசைந்தார். கோ. தட்டில் ஊறுகாய் வைத்துக் கொடுத்தார். "அக்கா சார்பா நான்..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார். பரவாயில்லை. அப்பளம் கொடுத்தேன்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நேற்று நினைத்தேன். கோ. இரண்டு வாய் மட்டும் தின்றதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மைனி ஒரு நாள் வெங்காயம் உரித்தாள். அது போதாது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் மைனிக்கு நானே போன் போட்டேன்.

"நல்லபடியா போய்ச் சேந்தியளா மைனி? ஆடிப்பூரத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு வரலாம்னு இருக்கோம். மூணு பேரும். வேலை நாளாத்தான் வருது. ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்டுல."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.