கிழங்கு வைத்த சப்பாத்தி

இயேசு மரி சூசை

ஆவடி
14-10-1991

அன்புள்ள மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாதாவின் தயவில் சுகமாகவே இருக்கிறோம், அங்கே ஜான்சியில் நீயும் மடத்தில் உன்னுடன் இருக்கிற எல்லோரும் சுகமாக இருக்க ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உன் மதர் பார்த்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். மதர் அவர்களுக்கு என் வணக்கம். அவர் மலையாளத்துக்காரர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்று சொல்லியிருக்கிறாய், மெதுவாகவே படிக்கட்டும், நான் எதையும் ஒளித்து எழுதப் போவதில்லை. உன்னை சிஸ்டர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதையும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, எழுதிப் போட்டால் ஆள் வருகிறான், சுவரைப் பார்க்கிறான், போகிறான். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் நாள் முழுக்கப் பட்டாளத்து டாங்கிக்குள் ஏறி இறங்குகிறவனுக்குத் தைலம் என்ன செய்யும் என்கிறார். அவர் ஃபேக்டரிக்குப் போன பிறகு நான் வாய் திறக்க ஆள் இல்லை. வெள்ளானூரிலிருந்து பால் கொண்டு வருகிற ராஜம்மா ஒருத்திதான் பேச்சுத்துணை, அவளும் நாலு வீடு பார்க்க வேண்டியவள். ரேடியோவைப் போட்டு வைக்கிறேன், கேட்பதற்காக இல்லை, வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. டிசம்பரில் நீ, சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப் போவது தெரிந்து கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்து, நீ கொடுத்து வைத்தவள் தெரசா என்கிறார்கள். இருந்த ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன், பங்குச் சாமியார் காதிலும் விழுந்திருக்கும்.

மே மாதம் நீ விடுமுறைக்கு வந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை என்னை அடுப்புப் பக்கமே விடாமல் உருளைக்கிழங்கை உள்ளே வைத்துச் சப்பாத்தி செய்தாய் அல்லவா, அதற்குப் பெயர் ஆலு பராட்டா என்றாய். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டதற்குத் தயிர் போதும் என்றாய். ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டு உன் தட்டை நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டு, எங்க வீட்ல வெள்ளிக்கிழமைன்னா இதுதாம்மா என்று சொன்னாய். எங்க வீடு என்று நீ சொன்னது மடத்தை. யோசித்துச் சொல்லவில்லை, உன் மீது தப்பும் இல்லை. ஆனால் நான் என் தட்டில் இருந்த பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் வந்த கடிதத்தில், வார்த்தைப்பாடு நெருங்குகிறது, எனக்காக அதிகமாகச் செபியுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உனக்கு மனம் ஆடுகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த நாள் வரைக்கும் திரும்பி வந்துவிடலாம், அதற்கப்புறம் அவ்வளவு சுலபம் இல்லை என்று சாமியாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். நீ வந்துவிட்டால் நம் வீட்டுச் சாப்பாடு உனக்கு வேற்றுச் சாப்பாடாகத் தெரியக்கூடாது என்று அந்தச் சப்பாத்தியைப் பழக ஆரம்பித்தேன். ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்து வந்தேன். எனக்குத் தெரிந்தது பூரிக்கிழங்குதானே, வெங்காயம் வதக்கி மஞ்சள் போட்டுத் தண்ணீர் தெளித்து மசித்து அதையே உள்ளே வைத்துத் தேய்த்தேன். பூரிக்கட்டை பட்டதும் நாலு பக்கமும் வாயைத் திறந்து கிழங்கு வெளியே வந்துவிட்டது. பால் ஊற்ற வந்த ராஜம்மா எட்டிப் பார்த்து, இன்னாம்மா இது, பூரியும் இல்லாம சப்பாத்தியும் இல்லாம ரெண்டுங்கெட்டானா கீது என்று சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை குற்றம் மாவின் மீதுதான் என்று போளிக்குப் பிசைவது போல மைதாவில் நல்லெண்ணெய் ஊற்றி ஊறவைத்து வாழையிலையில் தட்டினேன். இலையிலிருந்து கல்லுக்குப் போகிற வழியிலேயே பிய்ந்துவிட்டது. அப்பா அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். நீ கிழங்கை வதக்கவே இல்லை, வேகவைத்து உரித்துத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டாய், பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஓமம், கடைசியில் உப்பு, அவ்வளவுதான். உப்பை ஏன் கடைசியில் போடுகிறாய் என்பதற்கு ஏதோ சொன்னாய், நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. நானும் அதே மாதிரி கோதுமை மாவைக் கிண்ணம் போலச் செய்து, ஓரத்தை மட்டும் மெலிதாக்கி, கிழங்கு உருண்டையை வைத்து, மேலே கூட்டி முறுக்கிக் கிள்ளி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி அழுத்தாமல் தேய்த்தேன். போன வெள்ளிக்கிழமை ஒன்று கூடப் பிய்யவில்லை. கல்லில் போட்டதும் உப்பி எழுந்தது. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை, அடுப்பைப் பார்த்தே பாருடி என்று சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது.

அப்பா வந்து மூன்று சாப்பிட்டார். நல்லா இருக்கு தெரசா, ஆனா இனிமே இதைச் செய்யாதே என்றார். ஏன் என்றேன். அவ வந்துருவான்னு நெனச்சிகினு நீ பழகறே, அவ வரமாட்டா, டிசம்பர்ல நாமதான் அங்க போறோம், நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன், ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்தாச்சு என்றார். அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டவர் எல்லாம் தெரிந்துதான் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன், கடைசிச் சப்பாத்தி கருகிப்போனது. அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கோபம்.

ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன். நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை, கொள்ளை ஆசை. உன் மனம் கொஞ்சமாவது ஆடினால் வெட்கப்படாமல் ஒரு வார்த்தை எழுது, ஊர் என்ன பேசினாலும் பேசட்டும், நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு வருகிறோம். ஆடவில்லை என்றால் எனக்காக ஆடுவதாகக் காட்டாதே. சின்னப் பிள்ளையில் நான் கண் கலங்கினால் கையில் இருப்பதை என்னிடம் நீட்டிவிடுவாய், அந்தப் பழக்கம் இதில் வேண்டாம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்காதே. ஆண்டவர் உன் தலைமீது கை வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எந்த வீட்டில் இருந்தாலும் உனக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வார்த்தைப்பாடு அன்று பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக் கோயில் பீடம் வரை அழைத்து வந்து ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வருகிறேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அழாமல் நடந்து வருகிறேன். அப்பா விட்டுவிடுவார். என் கை தானாக விடாது மகளே, எல்லோரும் பார்க்கிறார்களே என்று தயங்காமல் நீயே விலக்கிவிட்டுப் போ.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
தெரசா